நடுத்தரம்

படிவத்தில் இருபது கேள்விகள்.
பூச்சியம், ஒன்று, இரண்டு.
பரீட்சை போலத்தான், ஆனால்
புள்ளி குறைந்தால்தான் வீட்டுக்குப் போகலாம்.

சீவரெத்தினம். நாற்பத்தொரு வயது.
மண்டூர்ப் பக்கம், வயல் வேலை.
அக்காவின் கணவர் இளையதம்பியை
வாய்க்கால் வரம்பில் வைத்து
மண்வெட்டியால்.
வினைச்சொல்லை நான் எழுதவில்லை.
முந்திய அறிக்கைகளில் இருக்கிறது,
மூன்று மொழிகளில்.

முதலாவது: முன்பு வன்முறை செய்தவரா?
இரண்டு.
எட்டு வருடமாக அதே இரண்டு.
கை நடுக்கம், கால் இழுப்பு,
தலையணை நனைக்கும் எச்சில்,
இவ்வளவையும் கொடுத்த மருந்து
அந்த எண்ணைத் தொடவில்லை.

ஐந்தாவது: சிறுவயதில் வன்முறைக்கு நடுவே வளர்ந்தவரா?
பேனை நின்றது.
தொண்ணூறில் அவனுக்கு ஒன்பது வயது.
எனக்கு ஏழு.
படுவான்கரையிலோ எழுவான்கரையிலோ
இந்தக் கேள்விக்குப் பூச்சியம் எடுக்கும் ஆளை
எந்த ஒழுங்கையில் போய்த் தேடுவது?
மனதுக்குள் எனக்கு இரண்டு போட்டேன்.
வாசலில் கொட்டாவி விடும் காவலருக்கு இரண்டு.
பிறகு அவனுக்கு.

"இப்ப குரல் கேக்குதா?"
"கேக்குது டொக்டர்."
"யார்ர குரல்?"
"மச்சான்ட."
"என்ன சொல்லுறார்?"
"ஒண்டுமில்ல. தண்ணி திறந்தாச்சா எண்டு கேப்பார்.
நான் பதில் சொல்லுறல்ல."

ஒன்றா, இரண்டா?
துக்கத்துக்கு அந்தத் தாளில் தனிப் பெட்டி இல்லை.

நூறு பேரில் இத்தனை பேர் என்கிறது கைநூல்.
நூறு பேரையா நான் அனுப்பப் போகிறேன்?
ஒருவன். இரண்டு சாரம்.
மூடி உடைந்த சவர்க்காரப் பெட்டி.

வியாழக்கிழமை குருமண்வெளித் துறையில் காத்திருந்தேன்.
மிதவையைப் பாதை என்பார்கள் இங்கே.
பாதை அக்கரையில் நின்றது.
"டிசம்பர் வெள்ளத்துக்கு ஓடாது" என்றார் பாதைக்காரர்.
"எத்தனை நாளைக்கு?"
"அத வாவியிட்டத்தான் கேக்கணும்."
அவனுக்கு மாதம் ஒரு ஊசி.
ஊசி இந்தக் கரையில், களுவாஞ்சிக்குடியில்.
வீடு அந்தக் கரையில்.
இருபது கேள்விகளையும் மறுபடி வாசித்தேன்,
வெள்ளம் என்ற சொல் எதிலாவது வருகிறதா என்று.

யோகமலர் கதிரையைத் துடைத்து வைத்தாள்.
கொன்றவனுக்கு அக்கா,
கொல்லப்பட்டவருக்கு மனைவி.
வளவு அவள் பேரில், சீதன வளவு.
வேண்டாம் என்று சொல்ல முழு உரிமையும் அவளுக்கு.
"வரட்டும்" என்றாள்.
"ஊசி தவறாம போடுவீங்க எண்டா வரட்டும்.
மண்வெட்டி என்ட கட்டிலுக்குக் கீழ இரிக்கும்."
சொல்லிவிட்டுத் தேயிலைக்குச் சீனி போதுமா என்று கேட்டாள்.

மூத்த மகள் வெளியே வரவில்லை.
அவளைக் கேட்கச் சொல்லிப் படிவத்தில் இல்லை. கேட்டேன்.
"அப்பாட போட்டோவ அவர் பாக்கக்கூடா."
கதவுக்குப் பின்னாலிருந்து, அவ்வளவுதான்.

திரும்பும்போது பாதையில் ஒரு ஆடு
என் கோப்பின் மூலையை மென்றது.
விரட்டத் தோன்றவில்லை.

இரண்டு விதமாகப் பிழை விடலாம் நான்.
ஒரு பிழை பத்திரிகையில் வரும்,
என் பெயரோடு.
மற்றப் பிழை சத்தம் போடாது.
விடுதியின் பின்பக்கம் குந்தியிருந்து
இன்னும் பதினைந்து வருடம்
பிளாஸ்டிக் கோப்பையில் கஞ்சி குடிக்கும்.
இரண்டாவதை எத்தனை தடவை செய்தேன் என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.
எண்ணியும் வைக்கவில்லை.

நீதவானுக்கு ஒரு சொல் வேண்டும்.
குறைவு, நடுத்தரம், அதிகம்.
காற்றாடியின் கீழ் தாள் படபடத்தது.
உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து எழுதினேன்.

எட்டிப் பார்த்து
எழுத்துக்கூட்டி வாசித்தான் சீவரெத்தினம்,
ந, டு, த், த, ர, ம்.
"பாஸா டொக்டர்?"

கடைசி வரி பாக்கி.
அடுத்த மதிப்பீட்டுத் திகதி.
டிசம்பர் என்று எழுதினேன்.
வெட்டிவிட்டு
நவம்பர் என்று எழுதினேன்.